ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்ட்டில் ஓக் மரத்தரையை நாமே போடலாமா?

கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்காபரோவில் உள்ள உங்கள் வீடு 1970களில் கட்டப்பட்டது, பேஸ்மென்ட்டில் (நிலத்தடித் தளத்தில்) வெறும் கொங்கிரீட் தரைதான் இருக்கிறது, மேல்தளத்தில் உள்ளது போன்ற ஓக் மரத்தரையை வேலையாள் வைக்காமல் நீங்களே போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட முடியும், ஆனால் முழுக்க ஓக் மரத்தாலேயே ஆன பலகையை அங்கே போடாதீர்கள். அந்தத் தவறை நானே செய்தவன்.

மேல்தளத்துக்கு வாங்கி மீந்த முக்கால் அங்குல ஓக் பலகைகளை வீணாக்க மனமில்லாமல், கொங்கிரீட்டின் மேல் ஒட்டுப்பலகையைப் பொருத்தி, அதன்மேல் ஒரு பனிக்காலத்தில் அவற்றை அடித்து முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஜூலை மாதம் வந்தபோது வெளிச்சுவரை ஒட்டிய வரிசைகளில் பலகைகளின் ஓரங்கள் மேலெழும்பி, நடுப்பகுதி குழிந்து, வெறுங்காலால் நடந்தாலே தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. கொங்கிரீட் கல்லைப் போலத் தோன்றினாலும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தைப் பலகையின் அடிப்பக்கம் குடித்து விரிய, மேற்பக்கம் விரியாமல் நின்றதன் விளைவுதான் அது.

ஆகவே பலகை வாங்குவதற்கு முன் ஈரத்தைச் சோதியுங்கள். இரண்டு அடிச் சதுரமான பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் தெரிந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். பனி உருகும் ஏப்ரலில் மறுமுறை சோதிப்பது நல்லது. சுவரடியில் உப்புப் பூத்திருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது வெளியே உள்ள பீலிக் குழாயையும் மண்ணின் சரிவையும்தான். பழைய 9 அங்குலச் சதுர ஓடுகள் ஒட்டியிருந்தால் அவற்றை உடைக்காமலும் உரசாமலும் விட்டு, நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் உள்ளதா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட்டுக்கு ஏற்றது என்ஜினியர்ட் மரப்பலகை. மேலே மெல்லிய ஓக், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் என்பதால் அது எளிதில் வளைவதில்லை. நேரே கொங்கிரீட்டில் விரிக்காமல், அடியில் பிளாஸ்டிக் குமிழ்கள் உள்ள இரண்டு அடிச் சதுர அடித்தளப் பலகைகளை முதலில் பரப்பினால், இடையில் காற்று நடமாட வழி இருக்கும், குளிர்காலத்தில் காலும் சில்லிடாது. இந்த அடித்தளத்தால் மட்டும் தரை ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்ந்து கூரையின் உயரம் அந்த அளவு குறையும் என்பதையும், கதவுகளின் அடியைச் சற்று அறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 10 அடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால், அதை முன்பே சமப்படுத்தாவிட்டால் பின்னர் ஒவ்வொரு காலடிக்கும் தரை கிறீச்சிடும்.

போடும் வேலை ஒரு வார இறுதியில் முடியும். பெட்டிகளை மூன்று நாள் அந்த அறையிலேயே வைத்திருங்கள். அளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். கொளுவிப் பூட்டும் வகைப் பலகையாயின், பூட்டிப் போகும்போது பக்கத்து வரிசைகளின் முனைகள் குறைந்தது எட்டு அங்குலமாவது விலகி நிற்க வேண்டும். சுவரோரம் எங்கும் அரை அங்குல இடைவெளி விடுங்கள். தூணைச் சுற்றியும் விடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியை மறைக்கும் ஓரச்சட்டத்தைச் சுவரோடு ஆணியடியுங்கள், தரையோடு அல்ல. தரை வடிகாலின் மேல் பலகையைப் போட்டு மூடிவிடாதீர்கள்.

இரண்டாம் முறை நான் இப்படித்தான் போட்டேன். கோடையில் காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் டிஹியுமிடிஃபையரை ஓடவிட்டு ஈரப்பதத்தை 55 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதன் வாளியில் நாளுக்கு நாள் சேரும் நீரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓக் பலகைகளைத்தான் நினைத்துக்கொள்வேன்.