பிள்ளைகள் இல்லாமல் டிஸ்னிக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நானும் கணவரும் அட்லாண்டாவில் இருக்கிறோம். எனக்கு 37 வயது, அவருக்கு 40. குழந்தைகள் இல்லை. அது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு, அதில் வருத்தமும் இல்லை. போன அக்டோபரில் நாலு நாள் லீவு போட்டு ஆர்லாண்டோ போய் டிஸ்னி வேர்ல்டு பார்த்துவிட்டு வந்தோம். மிக்கி காது மாட்டிக்கொண்டு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். "புள்ள குட்டி இல்லாம அங்க உங்களுக்கு என்னடி வேலை?" என்று மதுரையிலிருந்து பெரியம்மா கேட்டார். அதையாவது விட்டுவிடலாம். என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கத் தோழி, இரண்டு பிள்ளைகளின் அம்மா, "உங்களை மாதிரி ஆட்களால்தான் எங்களுக்கு வரிசை நீளுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வந்ததிலிருந்து டிஸ்னியின் மின்னஞ்சல்கள் வருகின்றன. ஒயின் விழா, ஹாலோவீன் இரவு, இருவருக்கான ஹோட்டல் சலுகை. ஒன்றில்கூடக் குழந்தை படம் இல்லை. எங்களைத் தெரிந்துதான் அனுப்புகிறார்களா? எங்களுக்கு ஏதோ ஏக்கம் இருக்கிறது என்று நினைத்து அதை வைத்து வியாபாரம் செய்கிறார்களா, இல்லை எங்களையும் ஒரு ஆளாக மதிக்கிறார்களா? ஆண்டுச் சீட்டு வாங்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

எம்.

*

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் தோழியின் கணக்கை முடித்துவிடுவோம். டிஸ்னி வேர்ல்டின் டிக்கெட் கவுன்டரைப் பொறுத்தவரை 10 வயது நிரம்பியவர் பெரியவர். 3 முதல் 9 வயது வரைதான் சிறுவர் கட்டணம், அதுவும் பெரியவர் கட்டணத்தைவிடச் சில டாலர்தான் குறைவு. வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவர் குடும்பத்தில் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், நீங்கள் இரண்டு பேர் நிற்கிறீர்கள். யாரால் வரிசை நீளுகிறது என்பதை அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

உங்கள் பெரிய கேள்வி மதிப்பா, வியாபாரமா என்பது. அவர்கள் பார்ப்பது பள்ளிக்கூட நாட்காட்டியை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் வாரத்தில் தொழிலாளர் தினம் முடிந்ததும் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்காக ரயிலையும் ராட்டினத்தையும் நிறுத்த முடியாது, சம்பளத்தையும் நிறுத்த முடியாது. அந்த நாட்களில் நினைத்தால் லீவு போட்டுக் கிளம்பக் கூடியவர்கள் யார்? உங்களைப் போன்ற தம்பதிகள், ஓய்வு பெற்றவர்கள், நண்பர் கூட்டங்கள். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் எப்காட் பூங்காவின் உணவு, ஒயின் விழா 1996இல் தொடங்கியபோது இலையுதிர் காலத்தில் சில வாரங்கள்தான் நடந்தது. இப்போது ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்து நவம்பர் வரை இழுக்கிறார்கள். நீங்கள் அக்டோபரில் போனீர்கள், அதனால் அக்டோபர் ஆட்களுக்கான மின்னஞ்சல் வருகிறது. ஜூலையில் நாலு பேராகப் போயிருந்தால் வேறு படம் வந்திருக்கும்.

ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர அவர்கள் ஒரு பெரிய தவறு செய்ய வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த கதை அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. குடித்துவிட்டு ரகளை செய்பவர்கள் வருவார்கள் என்பதால் உள்ளே மதுவே கூடாது என்பது அவர் கட்டளை. 1971இல் ஃபுளோரிடாவில் திறந்த, டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டமும் அப்படியே. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றிய யோசனையில் பிறந்த இடம்தான், ஆனால் அந்தப் பெரியவர் ஓர் அப்பா. பிள்ளை இல்லாமல் ஒருவர் வருவார் என்பது அந்தத் திட்டத்தில் இல்லை.

1980களில் ஒரு பிரச்சினை வந்தது. பகலெல்லாம் பூங்காவில் சுற்றிய பெரியவர்கள் ராத்திரியானால் ஆர்லாண்டோ நகரத்துக்குள் போய்விடுகிறார்கள். அங்கே மதுக்கடை இருக்கிறது, பாட்டு இருக்கிறது. அந்தக் காசையும் விடுவானேன் என்று 1989இல் டிஸ்னி வேர்ல்டிலேயே பிளஷர் ஐலண்ட் என்று ஒன்றைத் திறந்தார்கள். முழுக்கப் பெரியவர்களுக்கு. வரிசையாக நடன விடுதிகள், நகைச்சுவை மேடை, ஜாஸ். ராத்திரி உள்ளே போகத் தனிச் சீட்டு. ஆண்டின் 365 இரவும் நள்ளிரவில் புத்தாண்டு கொண்டாட்டம், வாணவேடிக்கையோடு! பெரியவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் முடியும்.

2008 செப்டம்பரில் எல்லா விடுதிகளையும் மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது கடைகளும் உணவகங்களும். மூடியபோது உண்மையிலேயே கண்ணீர் விட்டவர்கள் ஒரே ஒரு விடுதியின் ரசிகர்கள்தான், அட்வென்சரர்ஸ் கிளப். 1930களின் தேசாந்திரிகள் கூடும் சங்கம் போல அமைத்திருந்தார்கள். சுவரில் மாட்டிய முகமூடி திடீரென்று பேசும், நடிகர்கள் கர்னலாகவும் சீமாட்டியாகவும் உங்கள் மேஜைக்கே வந்து கதை அளப்பார்கள். கையில் கோப்பையோடு விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம். மற்ற விடுதிகளுக்கு இணையான இடம் எந்த ஊரிலும் கிடைக்கும், இது கிடைக்காது.

பிள்ளை இல்லாத பெரியவர் டிஸ்னிக்கு வருவது பெரியவர் விஷயங்களைத் தேடி இல்லை. பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே விளையாட்டு அவருக்கும் வேண்டும். அதோடு அவசரப்படுத்த ஆள் இல்லாமல், உட்கார நல்ல நாற்காலியோடு, முடிந்தால் ஒரு கிளாஸ் ஒயினோடு. இதைப் புரிந்துகொண்ட பிறகு அவர்கள் தனித் தீவு கட்டவில்லை. 2012இல் மேஜிக் கிங்டமுக்குள்ளேயே ஓர் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டோடு ஒயினும் பீரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோவில் மார்கரிட்டாவில் தொடங்கி நாட்டுக்கு ஒன்றாகக் குடித்தபடி கனடா வரை நடப்பது அங்கே ஒரு சடங்கு. டிஸ்னி அதைச் சுவரொட்டி அடித்து விளம்பரம் செய்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களே கண்டுபிடித்தார்கள், அவர்களே டி-ஷர்ட் அடித்துக்கொண்டார்கள். கம்பெனி செய்தது ஒன்றுதான், கோப்பையை நிரப்பிக் கொடுத்தது.

இதே மாதிரிதான் உடை விஷயமும். 14 வயது நிரம்பியவர்கள் சாதாரண நாட்களில் வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது, எது நிஜ இளவரசி என்று குழந்தைகள் குழம்பிவிடும் என்பதால். அதற்கு ரசிகைகள் கண்டுபிடித்த வழி, நீலச் சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன். விதிப்படி அது வெறும் உடை. பார்க்கிறவர்களுக்கு ஸ்னோ ஒயிட். உங்கள் மிக்கி காதும் இந்த ரகம்தான்.

கம்பெனி தன் பங்குக்குச் செய்தது, வருவதற்குச் சாக்கு ஏற்படுத்திக் கொடுத்தது. 1991 முதல் அங்கே கல்யாணமே நடத்திக் கொடுக்கிறார்கள். 2009இல், பொருளாதாரம் விழுந்து கிடந்த வருஷம், பிறந்தநாளன்று வந்தால் அனுமதி இலவசம் என்று அறிவித்தார்கள். பிறந்தநாளுக்கு யாராவது தனியாக வருவார்களா? ஒரு டிக்கெட் இலவசம், கூட வரும் மூன்று பேர் காசு கொடுப்பார்கள். நுழைந்ததும் சட்டையில் குத்திக்கொள்ளச் சும்மா தரும் வட்ட பேட்ஜைக் கவனித்தீர்களா? 'முதல் வருகை', 'பிறந்தநாள்', 'திருமண நாள்' என்று வகை வகையாக இருக்கும். அதில் ஒன்று, 'நான் கொண்டாடுகிறேன்' என்று மட்டும் அச்சடித்து, கீழே எழுத இடம் விட்டிருக்கும். வேலை மாறியது, கடன் முடிந்தது, எதுவானாலும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை இல்லாமல் ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு நெஞ்சில் குத்திய பதில்.

ஏக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏக்கத்தை விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது பிள்ளை இல்லாத ஏக்கம் இல்லை. 2022 ஜனவரியில் எப்காட்டில் ஊதா நிற டிராகன் வடிவில் ஒரு பாப்கார்ன் டப்பா விற்றார்கள், 25 டாலர். அதற்கு மணிக்கணக்கில் வரிசை. அந்த டிராகனின் பெயர் ஃபிக்மென்ட், 1983இல் அங்கே அறிமுகமானது. அப்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிய வயது, கையில் கிரெடிட் கார்டு. நமக்கு அந்தத் தோளும் இல்லை, பூங்காவும் இல்லை. 90களில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் டிஸ்னியின் டக்டேல்ஸ் கார்ட்டூன் இந்தியில் வந்தது, ஒரு சொல் புரியாமலே வாய் பிளந்து பார்த்தோம். உங்கள் வயதைப் பார்த்தால் நீங்களும் பார்த்திருக்க வேண்டும். சின்ன வயதில் போக வழியில்லாத இடத்துக்குச் சொந்தச் சம்பளத்தில் போகிறீர்கள். அதற்குப் பெரியம்மாவிடம் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன?

இந்த விளக்கம் சொல்லும் கட்டாயமே இல்லாத ஊர் டோக்கியோ. அங்கே பூங்காக்களை நடத்துவது ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி, டிஸ்னியிடம் உரிமம் வாங்கியிருக்கிறது. வருகிறவர்களின் வயதுக் கணக்கை அவர்கள் வெளியிடுகிறார்கள். பத்துக்கு ஏழு பேர் 18 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் 40ஐத் தாண்டியவர்களின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. 2001இல் திறந்த டிஸ்னிசீ பூங்காவில் முதல் நாளிலிருந்தே மது உண்டு. அங்கே டஃபி என்று ஒரு கரடி பொம்மை. ஃபுளோரிடாவில் பிறந்து அங்கே யாரும் சட்டை செய்யாத கரடி அது. 2005இல் டோக்கியோ போய், மிக்கி கடல் பயணம் கிளம்பும்போது மின்னி தைத்துக் கொடுத்த பொம்மை என்று கதை கிடைத்ததும் அதன் தலையெழுத்தே மாறிவிட்டது. அலுவலகம் போகும் பெண்கள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், உணவகத்தில் எதிர் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள், பருவத்துக்கு ஒரு சட்டை வாங்கிப் போடுகிறார்கள். பூங்கா இருக்கும் உராயாசு நகரம், 20 வயதாகும் தன் ஊர் இளைஞர்களுக்கான விழாவை 2002 முதல் டிஸ்னிலேண்டிலேயே நடத்துகிறது. நீளக் கை கிமோனோ அணிந்த பெண்கள், மேடையில் மிக்கி. நீ இனி பெரியவள் என்று ஊர் சொல்லும் இடமே அதுதான்.

அமெரிக்காவுக்கு இந்த நிதானம் வரவில்லை. 2019இல், டிஸ்னி வேர்ல்டில் பிள்ளையில்லாத இளம் தம்பதிகளைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் அம்மா ஆத்திரத்தில் எழுதியது இணையம் முழுக்கச் சுற்றியது. உங்கள் தோழி சொன்னது அதன் மென்மையான வடிவம். டிஸ்னியே இன்றும் தொலைக்காட்சி விளம்பரத்தில் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகளைத்தான் காட்டும், உங்களுக்கானது மின்னஞ்சலில் வரும். இது வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் காசு கொடுப்பதே அந்தக் குடும்பக் காட்சிக்குள் போய் நிற்பதற்குத்தான். பிள்ளைகளின் கூச்சலே இல்லாத மேஜிக் கிங்டம் உங்களுக்கே பிடிக்காது. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையில்லாத அமெரிக்கர்களில் 47 சதவீதம் பேர் இனியும் பெற்றுக்கொள்ள வாய்ப்பில்லை என்றார்கள். 2018இல் அது 37. இந்தக் கூட்டத்தை எந்தக் கம்பெனியும் விடாது. லீகோ பொம்மைக் கட்டைகளை வைத்து நடத்தும் விளையாட்டு மையங்களான லீகோலேண்ட் டிஸ்கவரி சென்டர்களில் பிள்ளை இல்லாமல் பெரியவரை உள்ளே விட மாட்டார்கள், அவர்களே அவ்வப்போது ஓர் இரவைப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள்.

அப்புறம் ஆண்டுச் சீட்டு. இதில்தான் மதிப்பா, வியாபாரமா என்பது பட்டென்று தெரியும். 2022இல் டிஸ்னி தன் நிதி அறிக்கையில் கலிஃபோர்னியா பூங்காவைப் பற்றி, வருகிறவர்களின் கலவை சாதகமாக இல்லை என்று ஒரு வரி எழுதியது. ஆண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு வாரா வாரம் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு காபியோடு வீட்டுக்குப் போகும் உள்ளூர்க்காரர்களைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. இவ்வளவு விசுவாசமானவர்களைக் கணக்கப்பிள்ளை பார்க்கும் விதம் அது. ரசிகர்கள் அழவில்லை, 'சாதகமற்றவர்' என்று டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஃபுளோரிடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மலிவான ஆண்டுச் சீட்டுகள் கிடையாது, இருப்பதிலேயே விலை கூடியது மட்டும்தான். ஒருவருக்கு 1,500 டாலருக்கு மேல். நாலு நாள் டிக்கெட்டை ஒருவருக்கு 500, 600 டாலர் என்று வைத்தால் வருஷத்துக்கு மூன்று தடவை போனால்தான் கட்டுப்படியாகும். அட்லாண்டாவிலிருந்து ஆறேழு மணி நேரக் கார்ப் பயணம், அதோடு ஹோட்டல். சீட்டு கையில் இருக்கிறதே என்பதற்காகவே போவீர்கள், போனால் செலவழிப்பீர்கள். வேண்டாம் என்பேன். செப்டம்பர் நடுவில் சாதா டிக்கெட்டில் போங்கள், கூட்டம் குறைவு, விலையும் குறைவு. புயல் காலம் என்பதால் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் பார்த்துப் போடுங்கள்.