அமுக்குவான் பேயும் அடித்துக்கொள்ளும் நெஞ்சும்: கேள்வி பதில்

கேள்வி: நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் படுத்தால் கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அமுக்குவான் பேய் என்று அம்மா தலையணைக்கடியில் இரும்பு வைத்திருக்கிறார், மேடம்.

பதில்: இரும்பு இருந்துவிட்டுப் போகட்டும் தம்பி, அம்மாவுக்கு நிம்மதி. கனவு வரும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைச் செயலிழக்க வைக்கும். இல்லையென்றால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவார். சில நேரம் அந்தக் கட்டு அவிழ்வதற்குள் முழிப்பு வந்துவிடுகிறது. கண்ணும், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும், அதனால் மூச்சு நிற்காது. ஆனால் விலாத் தசைகள் துவண்டிருப்பதால் ஆழமாக இழுக்க வராது; அந்தப் பாரம்தான் பேய். அறையில் ஆள் நிற்பதாகத் தெரிவது கனவின் மிச்சம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். அப்போது உடம்பை உதறப் பார்க்காதீர்கள். ஒரு கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள். ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறது என்றால் மேனேஜரிடம் பேசுங்கள். தூக்கம் கெடுவதுதான் இதற்குப் பெரிய தூண்டுகோல். பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழுவதும், சிரிக்கும்போது முட்டி துவள்வதும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: நான் நடுராத்திரி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வியர்வை, படபடப்பு. இதுவும் அதுதானா?

பதில்: எழுந்து உட்கார முடிகிறதே! அப்படியானால் அது இல்லை. தூக்கத்தில் வரும் பேனிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று உச்சத்துக்குப் போகும் பயமாக இருக்கலாம். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று மட்டும் வீட்டில் கேளுங்கள். மூச்சு அடைபட்டும் இப்படி முழிப்பு வரும்.

கேள்வி: ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் செத்துவிடுவேன் போலிருக்கிறது. விரல் மரத்துப் போகிறது.

பதில்: முதல் தடவை நெஞ்சு வலித்தபோது ஈசிஜி எடுத்தது சரி, எல்லோரும் அதைச் செய்யத்தான் வேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா? அதுவும் சரியென்றால், இதுவும் பேனிக் அட்டாக்காக இருக்கலாம்: பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, விரல் மரக்கிறது, அதைப் பார்த்து இன்னும் பயம். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும். சினிமாவில் காட்டுகிற மாதிரி காகிதப் பையில் மூச்சு விடாதீர்கள். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். பயம் வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். கூட்டமில்லாத நேரத்தில் ஒரே ஒரு ஸ்டாப் போய்ப் பழகுங்கள்.

கேள்வி: பழைய சீட்டை வைத்து, பதற்றத்தை அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். தொடரலாமா?

பதில்: கூடாது. உடனே கேட்கும் மாத்திரை, அதனாலேயே பழகியும் விடும். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைத்து, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைக்கு மாற்றுவார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு கூடினாலும் நீங்களாக விட்டுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பேனிக் அட்டாக் வரும்போது நான் என்ன செய்வது?

பதில்: "ஒண்ணுமில்லை, சும்மா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மா. பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் மனநல மருத்துவர் இல்லை.

பதில்: 14416, டெலி மானஸ். போனில் மனநல ஆலோசனை தரும் அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள்.