முட்டையை நிறுத்தினோம், பரு நிற்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு வருடமாக முகமெல்லாம் பரு. "எல்லாம் உடம்புச் சூடு" என்று மாமியார் சொன்னதால் முட்டை, கறி, எண்ணெய்ப் பலகாரம், மாம்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். நாலு மாதம் ஆகிறது, கொஞ்சமும் குறையவில்லை. பாலையும் நிறுத்தச் சொல்லி அவளுடைய தோழி சொல்கிறாளாம். பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டை. எதைக் கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும்?
– ஒரு தாய், திருமங்கலம்

தோல் மருத்துவர் பதில்:

முதலில் முட்டையைத் திரும்பக் கொடுங்கள், அம்மா. இன்றைக்கே கொடுக்கலாம். மீனும் கறியும் அப்படித்தான். முட்டையோ ஆட்டுக்கறியோ பருவை உண்டாக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. மாதவிடாய் வருகிற, வளர்கிற வயதுப் பெண்ணுக்கு இவற்றை மாதக்கணக்கில் நிறுத்தினால் புரதமும் இரும்புச்சத்தும்தான் குறையும். இளைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திய பிறகு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறா டாக்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பிள்ளையிடம் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னால் வேறு கதை வரும். எழுந்ததும் ஒரு தம்ளர் பால், அதில் சத்துப் பவுடர் இரண்டு கரண்டி, அதற்கு மேல் சர்க்கரை இரண்டு கரண்டி. அப்புறம் நாலு இட்லி, கொஞ்சம் சட்னி. மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ட்யூஷனுக்குக் கிளம்பும் முன் டீயும் பிஸ்கட்டும். ராத்திரி தோசை, இல்லையென்றால் அப்பா வரும்போது வாங்கி வந்த பரோட்டா. படிக்க உட்காரும்போது மறுபடியும் ஒரு தம்ளர் பால். முட்டையும் கறியும் போன இடத்தில் சோறும் மைதாவும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு, வாயில் போடுவதையெல்லாம் அவளையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தெரிந்துவிடும்.

பரு எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது அது அதிகமாகச் சுரக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த ஹார்மோன் உண்டு. அதே சமயம் துவாரத்தின் வாயில் செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். உள்ளே தேங்கிய எண்ணெயில் எப்போதும் தோலில் இருக்கிற ஒரு பாக்டீரியா பெருகி, அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த வயதில் நிறையப் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். உணவு இந்தக் காரணங்களுக்கு மேலே வந்து சேர்வது, அவ்வளவுதான்.

அது எப்படிச் சேர்கிறது? சர்க்கரை, மைதா, பட்டை தீட்டிய அரிசி போன்றவை வேகமாகச் செரித்து ரத்தத்தில் குளுக்கோஸை ஒரேயடியாக ஏற்றும். அதை இறக்க உடம்பு இன்சுலினை அதிகமாக விடும். இன்சுலின் கூடும்போது ஐஜிஎஃப்-1 என்ற, வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனின் வேலையும் கூடுகிறது. பருவ வயதில் அது ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கிற ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்ய ஆரம்பிப்பதால், கட்டில்லாத ஆண்ட்ரோஜனும் ரத்தத்தில் கூடும். இவை சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பியை இன்னும் வேலை வாங்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 43 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் மெதுவாகச் செரிக்கும் உணவும் புரதமும் கொடுத்தார்கள். 2007-ல் அந்த முடிவு வெளிவந்தது. அந்தக் குழுவில் பருக்களின் எண்ணிக்கை சராசரியாக 23.5 குறைந்தது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கும் 12 குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்தே பாருங்கள். பரு தானாகவே ஏறி இறங்கும். அதனால்தான் எதை நிறுத்தினாலும் "இதை நிறுத்தியதும் குறைந்தது" என்று யாராவது ஒருவர் சொல்ல முடிகிறது. முதல் குழுவினர் எடையும் குறைந்தார்கள் என்பதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். 2024-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ அமைப்பு தன் வழிகாட்டுதலில், உணவு மாற்றத்தை உறுதியாகப் பரிந்துரைக்க இன்னும் ஆதாரம் போதாது என்றே சொன்னது. நான் இதை மருந்துக்குத் துணையாகத்தான் சொல்கிறேன். உடம்புக்கு வேறு விதத்திலும் நல்லது, கெடுதல் இல்லை. அந்தத் துணிச்சலில் சொல்கிறேன்.

அதற்காகச் சோற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பப்புவா நியூ கினியில் கிட்டாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-ல் எழுதினார்கள். அவர்கள் சாப்பிட்டது கிழங்கு, பழம், தேங்காய், மீன். மாவுச்சத்து தாராளமாகத்தான் இருந்தது. மைதாவும் சர்க்கரையும் பாக்கெட் தீனியும்தான் இல்லை. பரம்பரையும் வாழ்க்கை முறையும் வேறு என்பதால் அதை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் மாவுச்சத்து என்றாலே குற்றவாளி என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

சரி, வீட்டில் என்ன செய்வது? குடிக்கிற சர்க்கரையில் கை வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சத்துப் பவுடர், குளிர்பானம், ரோஸ் மில்க், பாக்கெட் ஜூஸ், தினம் இரண்டு மூன்று தடவை சர்க்கரை போட்ட டீ. இவை பசியை ஆற்றாது, சர்க்கரையை மட்டும் ஏற்றும். சத்துப் பவுடரை நான் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பரீட்சை வருஷத்தில் பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று அக்கறையோடு வாங்குகிறோம். பல பவுடர்களில் மால்ட்டும் சர்க்கரையும்தான் பெரும்பங்கு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறினால் போதுமா என்று கேட்பார்கள். போதாது, இன்சுலினுக்கு அவையும் சர்க்கரைதான்.

அடுத்து, தட்டில் இருப்பதன் அளவை மாற்றுங்கள். நாலு இட்லிக்குப் பதிலாக மூன்று இட்லி, பருப்பும் காயும் நிறையப் போட்ட சாம்பார், கூட ஒரு அவித்த முட்டை. மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ பொரியலோ வையுங்கள். வாரம் இரண்டு நாள் மத்தியோ நெத்திலியோ குழம்பு வைத்தால் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கிடைக்கும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா. பேரையூர்ப் பக்கம் விளைகிற குதிரைவாலி நல்ல தேர்வு, சோறாகவே வடிக்கலாம். கேப்பையில் மட்டும் ஒரு விஷயம்: மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதுவும் வேகமாகத்தான் செரிக்கும். சிறுதானியம் என்ற பெயருக்காகச் சர்க்கரை போட்டு இரண்டு தம்ளர் குடித்தால் பலன் இல்லை. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்த கம்மங்கூழ் எவ்வளவோ மேல்.

பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் ஒரேயடியாக விட்டுவிடச் சொன்னால் மதுரைப் பக்கம் யார் கேட்பார்கள்? நானும் சொல்லவில்லை. பரோட்டா வாரத்தில் ஒரு நாள், கூட முட்டையோ கறியோ இருக்கட்டும். ஜிகர்தண்டா பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது. எப்போதாவது ஒரு நாள் விளக்குத்தூண் பக்கம் கடைக்குப் போகும்போது குடித்துவிட்டு வரட்டும். அன்றைக்கு அவளைக் கணக்குக் கேட்காதீர்கள்.

பால் பற்றித் தோழி சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 78,529 இளம் வயதினரின் தகவல்களைச் சேர்த்து 2018-ல் வந்த ஒரு பகுப்பாய்வில், பால் குடிப்பவர்களிடம் பரு சற்று அதிகம் காணப்பட்டது. கொழுப்பு நீக்கிய பாலிலும் அந்தத் தொடர்பு இருந்தது, ஆகவே கொழுப்பின் மேல் பழி போட முடியாது. பாலின் புரதங்கள் இன்சுலினையும் ஐஜிஎஃப்-1-ஐயும் தூண்டுவதாகக் கருதுகிறார்கள். ஆனால் இது தொடர்பைத்தான் காட்டுகிறது, பால்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. தினம் மூன்று தம்ளர் குடிக்கிறாள் என்றால் ஒன்றாகக் குறையுங்கள். தயிரையும் மோரையும் நிறுத்த வேண்டாம், அவற்றுக்கு எதிரான சான்று பலவீனமானது, அவளுக்குக் கால்சியமும் வேண்டும். ஜிம்முக்குப் போகும் பையன்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரைக் கவனியுங்கள், அதுவும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். அதைக் குடிக்க ஆரம்பித்ததும் முதுகிலும் மார்பிலும் பரு கிளம்பிய பையன்களை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் மாமியார் சொன்ன சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பார்த்தது பொய்யில்லை. அக்னி நட்சத்திரத்தில் மாம்பழம் வரும், அதே நாட்களில் வேர்க்குருவும் வேனல் கட்டியும் வரும். வேர்க்குரு வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருகிறது, வேனல் கட்டி பெரும்பாலும் கிருமித் தொற்று. இரண்டும் பரு இல்லை. மாம்பழத்தைக் கடித்துத் தின்னும்போது காம்புப் பால் பட்டு உதட்டோரம் அரித்துத் தடிப்பவர்களும் உண்டு. கழுவி, தோலைச் சீவிக் கொடுத்தால் பெரும்பாலும் அந்தத் தொந்தரவு இராது. ஒரு துண்டு மாம்பழத்தால் பரு வராது. அத்தையிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

காரம், புளி, பஜ்ஜி எண்ணெய் இவற்றுக்கும் பருவுக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லதுதான், அதனால் பரு மறையாது. சாக்லேட் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தின்னும் எண்ணெயைவிடத் தலையில் வைக்கும் எண்ணெயைக் கவனியுங்கள். நெற்றியிலும் காதோரத்திலும் சின்னச் சின்னதாகப் பொடிப் பருக்கள் இருந்தால், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் வெயிலில் இறங்கி வருவது காரணமாக இருக்கலாம். குளிப்பதற்கு முன் தேய்த்து அலசிவிடலாம். எண்ணெயோடு படுக்க வேண்டாம், தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள்.

உணவை மாற்றினால் 12 வாரம் பொறுக்க வேண்டும். இன்றைக்கு முகத்தில் தெரிகிற பரு, உள்ளே பல வாரங்களுக்கு முன்பே அடைபடத் தொடங்கியது. அடுத்த வாரமே கண்ணாடியைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் மருந்துக்கு அந்த 12 வாரம் காத்திருக்க வேண்டாம். ஒரு வருடமாக இருக்கிற பருவுக்கு மருத்துவம் இன்றே தேவை. நம் நிறத் தோலில் பரு ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், ஆழமான பரு குழி விழுந்த தழும்பாகிவிடும். தழும்பைச் சரிசெய்வதைவிடப் பருவைச் சீக்கிரம் அடக்குவது எளிது, செலவும் குறைவு. பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலீன் போன்ற பூச்சு மருந்துகள் நன்றாக வேலை செய்யும். ஆரம்பத்தில் கொஞ்சம் காய்ந்து உரியும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பென்சாயில் பெராக்சைடு துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் போய்விடும், வெள்ளைத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் சொன்னார்கள், மருந்துக் கடையில் கொடுத்தார்கள் என்று எந்தச் சிவப்பழகுக் க்ரீமையும் தடவ விடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பும். இப்படிக் கெட்டுப்போன முகத்தைத் தேற்றிக் கொண்டுவர மாதங்கள் ஆகின்றன. மனசு கஷ்டப்பட்டுச் சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்றையும் அவளிடம் தனியாக, கூச்சம் வராமல் கேளுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா? மோவாயிலும் மேலுதட்டிலும் முடி கூடுகிறதா? பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத கருப்பு, தொட்டால் சற்றுத் தடிப்பாக, வெல்வெட் துணிபோல இருக்கிறதா? பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இவை இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் மேலே சொன்ன உணவு மாற்றம் முகத்துக்கு மட்டுமல்லாமல் முழு உடம்புக்குமே முக்கியமாகிவிடும்.

மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். அவள் எழுதிய அந்தச் சாப்பாட்டு நோட்டு, கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், இதுவரை தடவிய க்ரீம் டியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டியூப் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர் வேண்டும். உள்ளே போனதும் டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொல்லட்டும்.