எழுத்தையும் வாழ்க்கையையும் பரிசோதனையாகப் பார்த்தால் நிராகரிப்பைத் தாங்க முடியுமா?

முடியும். பரிசோதனை என்றால் ஓர் ஊகத்தைச் செய்து பார்ப்பது, அவ்வளவுதான். 'இந்தக் கதை இந்தப் பத்திரிகைக்குப் பொருந்தும்' என்பது ஓர் ஊகம். கதை திரும்பி வந்தால் தவறியது அந்த ஊகம், நீங்கள் அல்ல.

நிராகரிப்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது? கதையை அனுப்பும்போதே 'எனக்குத் திறமை இருக்கிறதா?' என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். பத்திரிகை ஆசிரியர் அதற்குப் பதில் சொல்வதில்லை. இடமில்லாமல் இருக்கலாம், அதே போன்ற கதை ஏற்கெனவே கையில் இருக்கலாம், ரசனை வேறாக இருக்கலாம். ஒரு சாவி பூட்டைத் திறக்கவில்லை என்றால் கையைக் குறை சொல்வதில்லையே. அடுத்த சாவியை எடுக்கிறோம்.

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கின் முதல் நாவலான 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' நூலைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. ஃபேபர் பதிப்பகத்திலும் முதலில் ஒதுக்கப்பட்ட பிரதி அது. சார்லஸ் மான்டீத் என்ற இளம் பதிப்பாசிரியர் அதை எடுத்துப் படித்து, தொடக்கப் பகுதியை நீக்கச் சொன்னார். கோல்டிங் நீக்கினார். 1954-இல் நூல் வெளிவந்தது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரதியைப் படித்தவரும் மாறினார், தொடக்கமும் மாறியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது மாற்றம்.

ஆகவே எதை, எங்கே அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்று குறித்து வையுங்கள். ஒரே குறையைப் பலர் சொன்னால் அங்கே கை வையுங்கள். வேலை தேடுவதற்கும் இது பொருந்தும்.

பரிசோதனை என்றால் மனம் ஒட்டாமல் எழுதுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முழு மனதோடு எழுதாத கதைக்கு வரும் பதிலிலிருந்து எதையும் கற்க முடியாது.