கிட் கார் எஞ்சின் சூடேறினால், ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றை வெளியேற்றுங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றின் எஞ்சினை வைத்து, தாழ்ந்த மூக்குடைய கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே பூட்டும் கார்) ஒன்றைக் கட்டியிருக்கிறேன். வெப்பநிலை முள் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது. நெரிசலில் நின்றால் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் குளிர்விப்புத் தொட்டியின் மூடி வழியே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பீறிடுகிறது. ஹீட்டர் தேவையில்லை என்று அதன் இரு வாய்களையும் அடைத்துவிட்டேன். தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்து நீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் பார்த்தேன். நிலைமை இன்னும் மோசமானது. பெரிய ரேடியேட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். ரேடியேட்டர் போதாத வண்டியில் சூடு படிப்படியாக ஏறும். நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போதும் மேடு ஏறும்போதும்தான் அந்தக் குறை வெளிப்படும். உங்கள் வண்டியிலோ முள் குதிக்கிறது. வெப்பநிலை உணரியின் முனை ஒரு கணம் நீரிலும் மறுகணம் ஆவியிலும் இருந்தால்தான் முள் பெரும்பாலும் அப்படிக் குதிக்கும். ஆகவே, குழாய்களுக்குள் சிக்கிய காற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

எஞ்சினைத் தந்த பழைய காரில் ரேடியேட்டரின் தலையோ விரிவுத் தொட்டியோ (சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு இடம் தரும் தொட்டி) எஞ்சினை விட உயரமாக இருந்திருக்கும். காற்று தானாக மேலேறி அங்கே ஒதுங்கியிருக்கும். தாழ்ந்த மூக்குக்குள் ரேடியேட்டரை இறக்கியதும் எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டே உச்சியாகிவிடுகிறது, அதாவது அதிகச் சூடு பிறக்கும் இடத்திலேயே காற்றும் போய்த் தங்குகிறது. எனவே தொட்டியை அதன் நீர்மட்டம் ஹெட்டுக்கு மேலே நிற்கும்படி, பெரும்பாலும் எஞ்சின் அறையின் பின்சுவரில், உயர்த்திப் பொருத்துங்கள். அதன் அடிவாயிலிருந்து ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குழாய் ஒன்று வாட்டர் பம்பின் உறிஞ்சு பக்கம் செல்லட்டும். ஹெட்டின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் 6 முதல் 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிறு குழாய்கள், வழியில் எங்கும் கூன் விழாமல், தொட்டியை நோக்கி ஏறியபடியே செல்ல வேண்டும். குழாயில் ஒரு வளைவு மேல்நோக்கிக் கூன் விழுந்தாலும் காற்று அங்கே குடியேறிவிடும்.

ஹீட்டர் வாய்களை அடைத்ததுதான் அடுத்த தவறு என்று எண்ணுகிறேன். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வேளையில் நீர் சுற்றிவருவதற்கு ஹீட்டர் வழியே துணைப்பாதையாக இருக்கிறது. அதை அடைத்தால், சூடான நீர் தெர்மோஸ்டாட்டை எட்டவே தாமதமாகும். அது தாமதமாகத் திறந்து, குளிர்ந்த நீரை ஒரேயடியாக உள்ளே விடும். முள் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் நீரோட்டப் படத்தைப் பார்த்து, துணைப்பாதை ஹீட்டர் வழியேதான் என்றால் இரு வாய்களையும் ஒரே குழாயால் இணைத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை மீண்டும் பொருத்துங்கள். சில எஞ்சின்களில் அது ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே துணைப்பாதையை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலே பம்புக்குத் திரும்பும். நீங்கள் கண்டது அதுவாக இருக்கலாம். பழையதில் ஐயம் இருந்தால், பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும்.

மூடி வழியே பீறிடுவதற்கு மூடியின் தளர்ந்த ஸ்பிரிங்கும் காரணமாகலாம். கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் வெறும் நீர், 1 பார் மூடியின் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் கசிந்தால் இந்தக் காப்பு முழுவதும் போய்விடும். மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால், சிந்தியதைக் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் அணுகுமுன் துடைத்துவிடுங்கள்.

நெரிசலில் மட்டும் சூடேறுவதற்கு ஃபேனைப் பாருங்கள். மின்கம்பிகளை மாற்றி இணைத்தால் பல ஃபேன்கள் எதிர்த்திசையில் சுழலும். காற்றை உள்ளே இழுக்க வேண்டியது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒரு தாளைப் பிடித்தால், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரைச் சுற்றி விரலளவு இடைவெளி இருந்தாலும் காற்று அவ்வழியே நழுவிப் போகும். அலுமினியத் தகட்டாலும் பஞ்சுப் பட்டையாலும் அடையுங்கள். சூடான காற்று எஞ்சின் அறையைவிட்டு வெளியேறவும் வழி வேண்டும், இதை மறந்துவிடுபவர்கள் பலர்.

ஃபைபர் கிளாஸ் உடலில் மின்சாரம் பாயாது என்பதால், அது திரும்புவதற்குத் தனிக் கம்பி (எர்த்) தேவை. ஃபேன் இயங்கும் கணத்திலோ விளக்கு எரியும் கணத்திலோ முள் நகர்ந்தால், பழுது நீரில் இல்லை, எர்த் இணைப்பில் இருக்கிறது.

எல்லாம் சரிசெய்தபின், தொட்டியே உச்சியாக இருக்கும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, மெதுவாக நிரப்பி, குழாய்களைக் கையால் பிசைந்து, ஃபேன் இருமுறை இயங்கி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஆறியபின் குறைந்ததை நிரப்புங்கள். அதன் பிறகும் தொட்டியில் குமிழிகள் ஓயாமல் வந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களில் குழாய்கள் கல்லாக இறுகினால், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) வழியே சிலிண்டரில் எரிந்த வாயு கசிகிறதா என்று பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லை, முள் குதிக்காமல் வேகத்தில் மட்டும் நிதானமாக ஏறுகிறது என்றால், அப்போது பெரிய ரேடியேட்டரை வாங்கலாம்.