கட்டத்தில் மாட்டிய நிலவு

கேள்வி: குறுக்கெழுத்துப் புதிரில் 'மதி' என்று ஒரே சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து 3 கட்டம் விட்டிருந்தார்கள். கடைசி எழுத்து 'வு' என்று தெரிந்ததால் தைரியமாகப் பேனாவில் 'நிலவு' என்று எழுதினேன். விடை 'அறிவு'. இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: முதல் தப்பு, பேனா. அடுத்தது, கையில் இருந்த 'வு' உங்களுக்கு உதவவே இல்லை, ஏனென்றால் நிலவு, அறிவு இரண்டுமே அதில்தான் முடிகின்றன. 'மதி'க்குத் தோன்றுவதையெல்லாம் ஓரத்தில் எழுதிப் பாருங்கள்: நிலவு, அறிவு, புத்தி, இந்து, அப்புறம் அதையே ஏவலாகப் படித்தால் 'போற்று'கூட 3 கட்டம்தான். 'வு' வந்ததும் மற்றவை கழன்றுவிடும், மிச்சம் இரண்டு. அவை முதல் இரண்டு எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன, ஆகவே அந்தக் கட்டங்கள் வழியாகப் போகும் 'மேலிருந்து கீழ்' விடையைப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நடுக்கட்டத்தில் எண் போட்டு அங்கிருந்து ஒரு சொல் கீழே இறங்கினால் 'அறிவு' அடிபட்டுப்போகும், தமிழில் 'ற' வரிசையில் சொல் தொடங்காது. மெய்யெழுத்திலும் தொடங்காது என்பதால் 'புத்தி'யும் அங்கே நிற்காது. அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், பாதி வேலை மிச்சம்.

கேள்வி: தாமரைக்கு மட்டுமே இத்தனை பெயர்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், கட்டக் கணக்கில் எழுதி வைத்தால் போதும். முளரி 3, கமலம், நளினம், பதுமம் 4, பங்கயம், அம்புயம் 5, அரவிந்தம் 6. நம் முன்னோர் நிகண்டு எழுதியதே இப்படிச் சொற்களைத் தொகுத்து வைக்கத்தான். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது, அதுவும் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியது. முதலெழுத்தைப் பார்த்தே தேடிப் பழகிய நமக்குக் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான்.

கேள்வி: 'கழுத்தில் விழும் பொழுது (2)'. இது என்ன குறிப்பு? வாக்கியமே முடியவில்லையே!

பதில்: முடிந்துவிட்டது, நீங்கள்தான் 'விழும்பொழுது' என்று ஒட்டிப் படித்துவிட்டீர்கள். பிரித்துப் படியுங்கள். கழுத்தில் விழுவது, அதுவே ஒரு பொழுது: மாலை. 'காலை'யும் 2 கட்டம்தான், அதுவும் 'லை'யில்தான் முடிகிறது, ஆனால் கழுத்தில் விழாது. வேண்டுமானால் காலைப் பிடித்துக் கெஞ்சலாம். இந்த வகைக் குறிப்பு சாதாரண வாக்கியம் மாதிரி வேஷம் போட்டு வரும், அதை நம்பி ஒரே மூச்சில் படித்தால் போச்சு. 'சூடு தணியச் சொல்லும் எண் (2)' என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 'சொல்லும்' வரை வெட்டினால் அது ஒரு ஏவல், மிச்சம் வெறும் எண். ஆறு.