இரண்டரை அங்குலம்

ஐயா,

ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். எங்கள் தலைமையாசிரியர் சீருடையில் ரொம்பக் கறார். சட்டையை உள்ளே விட வேண்டும், பையன்களுக்கு முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், பெண்களுக்கு ரெட்டைச் சடை, எந்த நாளும் கலர் டிரஸ் கூடாது. மீறுகிறவர்களைப் பிரேயரில் தனியாக நிறுத்துகிறார். பாதிப் பேருக்கு பேண்ட் கரண்டைக்கு மேலே ஏறி நிற்கிறது. ஒழுங்கு வேண்டும்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. எந்த அளவுக்குக் கண்டிக்கலாம்?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். பேண்ட் கரண்டைக்கு மேலே நிற்கிறது என்கிற வரி. சில நாட்களாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் மற்றவை.

பிரேயரில் நிறுத்துவது தவறு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. தலைமையாசிரியரிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். முடி, சடை பற்றி எனக்குக் கருத்தே இல்லை. எண்ணெய் வைத்து வாரியிருந்தால் போதும், விடுங்கள்.

கலர் டிரஸ் பிள்ளையைத் திட்டுமுன் சத்துணவுப் பதிவேட்டைப் பாருங்கள். விலையில்லாச் சீருடை 1 முதல் 8 வரை சத்துணவில் பெயர் பதிந்த பிள்ளைகளுக்குத்தான். 2012-13 முதல் வருடத்துக்கு 4 செட். பெயர் பதியாத பிள்ளைக்கு ஒரு செட்டும் கிடையாது. கொடுக்காத துணியை ஏன் போடவில்லை என்று கேட்பது என்ன நியாயம், டீச்சர்?

கறார் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. கையில் கட்டும் சாதி நிறக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. சட்டை வெளியே தொங்குவதற்குச் செலவிடும் கோபத்தை அங்கே செலவிடுங்கள்.

இனி பேண்ட்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளை வேகமாக வளரும் வருடத்தில் 7, 8 சென்டிமீட்டர் உயரும். அதில் பாதியாவது காலில் ஏறும். அதாவது ஒன்றரை அங்குலம். முதல் சலவைகளில் துணி சுருங்குவது கொஞ்சம். ஆக, மே மாதம் எடுத்த அளவு மார்ச்சில் பொருந்தவே பொருந்தாது. இது பிள்ளையின் குற்றமா? பேண்ட் அடியில் அரை அங்குலம் மட்டும் மடித்து மெஷினில் ஓட்டியிருப்பது யாருடைய குற்றம்? உள்ளே இரண்டரை அங்குலம் துணி விட வேண்டும். முதலில் அரை அங்குலம், பிறகு இரண்டு அங்குலம் மடித்து, கையால் எம்மிங், அதாவது வெளியே தெரியாத மடிப்புத் தையல், போட வேண்டும். மெஷின் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், எம்மிங்கில் தெரியாது. பேண்டின் பின்பக்க நடுத் தையலில் இடுப்புப் பக்கம் ஒரு அங்குலம், சுடிதார் டாப்பின் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டால் வருடம் ஓடும்.

உங்களுக்கு வருவது தைத்த துணிதான், தெரியும். மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் தைக்கிறார்கள். அதனால் அளவெடுக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். போன வருட அளவைப் பார்த்து எழுதுவதும், வரிசையில் நிற்கவைத்துக் கண்ணளவில் சைஸ் போடுவதும்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. தொப்புள் மட்டத்திலிருந்து கரண்டை வரை டேப் வைத்து, ஒரு அங்குலம் கூட்டி எழுதச் சொல்லுங்கள். பெஞ்சில் நிமிர்ந்து உட்காரவைத்து, இடுப்பின் பக்கவாட்டிலிருந்து பலகை வரை அளந்தால் சீட் உயரம் வரும். அதிலும் ஒரு அங்குலம் கூட்ட வேண்டும். பையன்களுக்குக் கவட்டை கிழிவதற்குத் துணியைக் குறை சொல்லாதீர்கள். சீட் உயரம் பற்றாமல், தரையில் சம்மணம் போடும்போது தையல் இழுபட்டுப் பிரிகிறது.

கையில் இருப்பது அரை அங்குல மடிப்பு என்றால்? போன வருடப் பழைய பேண்டைத் தூக்கி எறியவிடாதீர்கள். அதன் காலிலிருந்து இரண்டரை அங்குல அகலப் பட்டி வெட்டி, இப்போதைய பேண்டின் அடி மடிப்பைப் பிரித்து, நுனியோடு நுனி சேர்த்துத் தைத்து, பட்டியை முழுக்க உள்ளே திருப்பி எம்மிங் போடுங்கள். மடிப்பில் இருந்த அரை அங்குலத்தில் தையலுக்குப் போனது போக மீதி நீளமாகிவிடும். அதே பழைய துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாய்சதுரத் துண்டைக் கவட்டையில் வைத்துத் தைத்தால் அந்தக் கிழிசல் திரும்ப வராது.

சட்டையை உள்ளே விடச் சொல்கிறாரே, இடுப்புக்குக் கீழே ஆறு அங்குலமாவது இறங்காத சட்டை உள்ளே நிற்காது. கையைத் தூக்கி “உள்ளேன் டீச்சர்” என்றாலே வெளியே வந்துவிடும். அளந்து பார்த்துவிட்டுத் திட்டச் சொல்லுங்கள்.

மடிப்பு விட்ட பேண்டை இறக்குவதைக் காலாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். அரையாண்டு வரை தள்ளினால் வெளித்துணி வெளுத்து, உள்ளே இருந்தது பளிச்சென்று இருக்கும். இறக்கிய இடத்தில் பட்டை தெரியும், எந்த இஸ்திரிப் பெட்டியாலும் போகாது. பிள்ளை அதை மறைக்க பேண்டை மறுபடி சுருட்டிக்கொள்ளும், தலைமையாசிரியர் மறுபடி கத்துவார்.